கேளுங்க சொல்றேன்: தலைவலிக்குக் கரண்டா?

போன இதழ்ல மைக்ரேன்ங்கற ஒத்தைத் தலைவலி பத்தி எழுதறப்ப, மாத்திரை இல்லாம வெளியில இருந்தே நரம்பைத் தூண்டி விடற கருவிங்க வந்திருக்குன்னு போற போக்குல ஒரு வரி சொல்லிட்டேன். அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல அதைப் பத்தி தான். சரி, இந்தத் தடவை முழுசா இதுக்கே. எனக்கும் இருபது வருஷமா மைக்ரேன் இருக்கு, அதனால டாக்டரா பாதி, நோயாளியா பாதி பேசுவேன், பொறுத்துக்கோங்க.

எனக்கு 38 வயசு, பேங்க்ல வேலை. மாசத்துல இருபது நாள் தலைவலி. ஒரு டாக்டர் வலி வராம தடுக்க டோபிராமேட் மாத்திரை குடுத்தாரு, விரலெல்லாம் ஊசி குத்துற மாதிரி ஆயி, கவுன்ட்டர்ல பேசிட்டிருக்கறப்பவே வார்த்தை மறந்துபோச்சு, விட்டுட்டேன். அப்புறம் அமிட்ரிப்டிலின், அதுல தூக்கமும் எடையும் ஏறுச்சு. இப்ப வலி வந்தா மெடிக்கல் ஷாப் மாத்திரை தான். கையில ஒட்டிக்கிற கருவி வாங்கலாமா? — வாசகி, கரூர்

வாங்கலாம்மா, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஒரு காலண்டரை எடுத்து சமையக்கட்டுல மாட்டுங்க, தலைவலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். ஒரு மாசம் வேற எதுவும் பண்ண வேணாம்.

ஏன் சொல்றேன்னா, மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ தலைவலி, அதுல குறைஞ்சது 8 நாள் மைக்ரேன் குணத்தோட, இப்படி மூணு மாசத்துக்கு மேல ஓடுனா தான் அதுக்கு க்ரானிக் மைக்ரேன்னு பேரு. உங்களுக்கு அது இருக்கற மாதிரி தான் தெரியுது. ஆனா அந்த இருபது நாள்ல எத்தனை நாள் நோய் குடுத்தது, எத்தனை நாள் மாத்திரை குடுத்ததுன்னு நீங்க எழுதலையே. வெறும் பாராசிட்டமால் மாதிரி மாத்திரையை மாசத்துக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ, இல்ல மைக்ரேனுக்குன்னே வர்ற ட்ரிப்டான் மாத்திரையையோ, கேஃபின் எல்லாம் கலந்து வர்ற கலவை மாத்திரையையோ 10 நாளோ அதுக்கு மேலயோ போட்டுட்டு வந்தா, மூணு மாசத்துல அந்த மாத்திரையே தலைவலியை உண்டு பண்ண ஆரம்பிச்சிரும். இது பல பேருக்கு நம்பவே முடியாத விஷயம். வலிக்குதுன்னு போடறோம், போட்டதால வலிக்குது, திரும்ப போடறோம், செக்குமாடு மாதிரி சுத்திட்டே இருக்கறது. மெடிக்கல் ஷாப்ல கேட்டா அந்தண்ணன் அட்டையை வெட்டிக் குடுத்துட்டே இருப்பாரு, அவரு எண்ண மாட்டாரு, நாம தான் எண்ணணும்.

கருவிங்க மேல எனக்கு மதிப்பு இருக்கறதும் இந்த இடத்துல தான். மாத்திரையை விட வலுவானதுன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா இருபதாவது நாளும் போட்டுக்கலாம், அடுத்த மாசத்துத் தலைவலிக்கு அது வட்டி சேர்க்காது. பத்து நாளைக்கும் கம்மியான கோட்டாவை மாத்திரைக்கு வச்சுக்கிட்டு மிச்ச நாளுக்குக் கருவியைப் போடலாம், இப்படி பங்கு பிரிச்சுக்கறதுக்கு உங்கள மாதிரி ஆளுக்கு இது நல்ல துணை. மாத்திரையை நிறுத்தற முதல் வாரம் பத்து நாள் வலி இன்னும் ஏறும், சில பேருக்கு வாந்தி, தூக்கம் கெடும், அந்த நாளைக் கடக்கறதுக்கும் கையில ஏதாவது ஒண்ணு இருந்தா தெம்பு தானே. நிறுத்தறதை மட்டும் உங்க நியூராலஜிஸ்ட் கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க. சில மாத்திரையை டக்குனு விடக்கூடாது, அதுவும் தூக்க மாத்திரை ஏதாவது கூட கலந்து போட்டுட்டிருந்தீங்கன்னா கண்டிப்பா சொல்லணும்.

இன்னொண்ணு, ரெண்டு மருந்து ஒத்துக்கலைன்னா மருந்தே முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. நெத்தி, பொட்டு, பிடரி, தோள்னு 31 இடத்துல போடற போடாக்ஸ் ஊசி க்ரானிக் மைக்ரேனுக்கு 2010லயே அமெரிக்காவுல அனுமதி வாங்குனது, பன்னெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடுவாங்க. அழகுக்குப் போடற ஊசின்னு சிரிக்காதீங்க. அதையும் டாக்டர் கிட்ட கேளுங்க, கருவியோட சேர்த்தும் பண்ணலாம்.

கையில பட்டி கட்டுனா தலைவலி போகும்னு சொல்றது காதுல பூ சுத்தற வேலையா இல்லையா? நேரா சொல்லுங்க. — ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

சார், சந்தேகப்பட்டதுக்கு முதல்ல நன்றி. நானும் மொதல்ல கேள்விப்பட்டப்ப இப்படித்தான் நெனச்சேன்.

பல்லு வலிச்சிட்டிருக்கறப்ப கால்ல முள்ளு ஏறிருச்சுன்னா கொஞ்ச நேரம் பல்லுவலி எங்க போச்சுன்னே தெரியாது, பாத்திருப்பீங்க. அது வெறும் கவனம் திரும்பறது மட்டும் இல்ல. உடம்புல ஒரு இடத்துல இருந்து பலமா ஒரு சேதி மூளைத் தண்டுக்குப் போச்சுன்னா, அங்க இருந்து கீழ வர்ற நரம்புப் பாதைங்க செரட்டோனின், நார்அட்ரினலின் மாதிரி ரசாயனத்தை விட்டு உடம்பு முழுக்க வர்ற வலிச் சேதியை அடக்கும். இந்த வழியைப் பிடிச்சு தான் நெரிவியோன்னு ஒரு கருவியை இஸ்ரேல்ல தெரானிகான்னு ஒரு கம்பெனி பண்ணுச்சு. மேல்கையில, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல வெளிப்பக்கமா கட்டிக்கிட்டு போன்ல இருந்து ஓட்டறது, ஒரு தடவைக்கு 45 நிமிஷம். நல்லா உறைக்கணும், ஆனா வலிக்கக் கூடாது, அந்த அளவுக்கு ஏத்திக்கணும். வலி ஆரம்பிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டா தான் பலன், தலை வெடிக்கற நிலைக்கு வந்தப்புறம் கட்டிட்டு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லக்கூடாது.

நம்பர் கேப்பீங்க. 252 பேரை வச்சு ஒரு சோதனை நடந்துச்சு, பாதி பேருக்கு நிஜக் கருவி, மீதிப் பேருக்கு அதே மாதிரி உறைக்கும் ஆனா வேலை செய்யாத போலிக் கருவி. ரெண்டு மணி நேரத்துல வலி குறைஞ்சவங்க நிஜக் கருவியில நூத்துக்கு 67, போலியில 39. வலி சுத்தமா போனவங்க 37, போலியில 18. அந்தப் போலி நம்பரைப் பாத்தீங்களா? சும்மா கட்டுன பட்டியிலயே நூத்துக்கு 39 பேருக்குக் கொறஞ்சிருக்கு. அதனால தான் எவனாவது யூடியூப்ல வந்து எனக்கு சரியாயிருச்சு சார்னு சொன்னா நான் மண்டையை ஆட்டிட்டு அடுத்த வேலையைப் பாக்கறது. போலியைத் தாண்டி எவ்ளோ நிக்குதுன்னு பாக்கணும், இதுல ஓரளவு நிக்குது. 2019ல எஃப்டிஏ, அதாவது மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தர்ற அமெரிக்க அரசு அமைப்பு, அனுமதி குடுத்தது இதை வச்சு தான். ஆனா அந்த 252 பேரும் மாசத்துக்குச் சில தடவை மட்டும் மைக்ரேன் வர்றவங்க, க்ரானிக் ஆளுங்களுக்கு அடுத்த வருஷம் தான் அனுமதி விரிஞ்சுது. அப்புறம் வராம தடுக்கறதுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு எட்டு வாரம் போட்டுப் பாத்ததுல, மாசத்துக்கு 4 நாள் மைக்ரேன் குறைஞ்சுது, போலியில 1.3 நாள். அந்த சோதனையில க்ரானிக் ஆளுங்களும் இருந்தாங்க. கழிச்சுப் பாத்தா ரெண்டே முக்கால் நாள் கிட்ட லாபம். அதிசயம் இல்ல, ஆனா தீபாவளியும் பொங்கலும் படுக்கையில போனவங்களுக்கு ரெண்டே முக்கால் நாள்னா என்னன்னு தெரியும்.

எல்லாக் கருவியும் இப்படி ஜெயிக்கலை, அதையும் சொல்லணும். கழுத்துல வேகஸ் நரம்பு மேல ரெண்டு நிமிஷம் வச்சு எடுக்கற காமாகோர், வந்த வலியைக் குறைக்க 2018ல அனுமதி வாங்குச்சு. ஆனா க்ரானிக் மைக்ரேனைத் தடுக்குமான்னு 59 பேர்கிட்ட பாத்த சின்ன சோதனையில ரெண்டு மாசத்துல குறைஞ்சது 1.4 நாள், போலியில 0.2, புள்ளியியல் கணக்குல அது தேறலை. பாதுகாப்பா இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது.

காதுல பூன்னு சொன்னீங்கல்ல, இந்த யோசனை ரொம்பப் பழசு சார். ரோமாபுரியில கிளாடியஸ் காலத்துல ஸ்கிரிபோனியஸ் லார்கஸ்னு ஒரு வைத்தியர், நாள்பட்ட தலைவலிக்கு ஷாக் அடிக்கிற திருக்கை மீனை உயிரோட வலிக்கற இடத்துல வச்சு, அந்த இடம் மரத்துப் போறவரைக்கும் விடச் சொல்லி எழுதி வச்சிருக்காரு. அதுக்கு இந்த பேட்டரி எவ்வளவோ தேவலை. நம்ம ஊருல சுக்கை உரசி நெத்தியில பத்து போடறது, துண்டை இறுக்கிக் கட்டறது, தைலத்தைத் தேச்சு கண்ணு எரியறது, இதெல்லாம் கூட நெத்தித் தோல்ல இருக்கற நரம்பைச் சீண்டற வேலை தானேன்னு எனக்குத் தோணும். இடிச்ச இடத்தைத் தேச்சா வலி ஏன் குறையுதுன்னு 1965ல மெல்ஸாக்கும் வாலும் ஒரு விளக்கம் சொன்னாங்க, தொடற உணர்ச்சி முன்னாடி போய் தண்டுவடத்துல வலிக்குக் கதவைச் சாத்துதுன்னு. எங்க பாட்டி அதெல்லாம் தெரியாமலே தேச்சு விட்டாங்க.

நெத்தியில கரண்ட் வைக்கப் போறேன்னு சொன்னதுக்கு என் மாமியார், பைத்தியக்காரங்களுக்கு வைக்கிற ஷாக்காடின்னு அழுவறாங்க. என்ன சொல்லி சமாதானம் பண்றது? — வாசகி, விருதுநகர்

அத்தைக்கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க. நெத்தியில ஒட்டற கருவி செஃபாலி, பெல்ஜியத்துக்காரங்க பண்ணது. புருவத்து மேல விரலை வச்சு லேசா தடவுங்க, உள்பக்கமா சின்னதா ஒரு பள்ளம் தட்டுப்படும், அது வழியா தான் ட்ரைஜெமினல் நரம்போட ஒரு கிளை வெளிய வருது. மைக்ரேன்ல மூளையைச் சுத்தி இருக்கற உறையில வலியைக் கிளப்பற நரம்பும் இந்தக் குடும்பம் தான். அந்தக் கிளையை மட்டும் வெளியில இருந்து லேசா சுண்டி விடறது இது. அதிகபட்சமே 16 மில்லிஆம்பியர். அத்தை பயப்படற இசிடியில, அதாவது மனநோய்க்கு மூளைக்குக் கரண்ட் குடுக்கற வைத்தியத்துல, கிட்டத்தட்ட 800 மில்லிஆம்பியர், மயக்கம் குடுத்து, மூளைக்குள்ள வலிப்பு வர்ற மாதிரியே வைப்பாங்க. ரெண்டும் வேற வேற. இசிடியும் கெட்ட வைத்தியம் இல்ல, பழைய சினிமாவுல காட்டுன விதம் அப்படி, அது இன்னொரு இதழுக்கு.

ஆனா ஒண்ணு, சுகமா இருக்கும்னு சொல்லி ஏமாத்த மாட்டேன். நான் போட்டுப் பாத்தப்ப முதல் நாலஞ்சு நாள் நெத்தியில கட்டெறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, எரிச்சல்ல கழட்டி வீசிட்டேன், ரெண்டு வாரம் கழிச்சு கொஞ்சம் கொஞ்சமா அளவை ஏத்திப் பழகுனப்புறம் தான் அது போட்டுக்கிட்டே தூங்க ஆரம்பிச்சேன். தடுக்கறதுக்கு தினம் 20 நிமிஷம், வந்த வலிக்கு ஒரு மணி நேரம். பெல்ஜியத்துல 67 பேர்கிட்ட மூணு மாசம் பண்ண சோதனையில, மைக்ரேன் நாள் பாதியா குறைஞ்சவங்க நூத்துக்கு 38, போலியில 12. 2014ல எஃப்டிஏ அனுமதி. அப்புறம் வாடகைக்கு எடுத்த 2313 பேரைக் கேட்டப்ப 53 சதவீதம் பேர் திருப்தின்னு சொந்தமா வாங்கிக்கறோம்னாங்க, மத்தவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. திருப்பிக் குடுத்தவங்க கருவிக்குள்ள பதிவான நேரத்தைப் பாத்தா, சொன்னதுல பாதி கூட போடலை! ஜிம்முக்கு பணம் கட்டிட்டு போகாத கதை தான்.

என் வீட்டுக்காரருக்கு முதுகுவலிக்கு பிசியோ சொல்லி வாங்குன, தோல் வழியா கரண்ட் விடற டென்ஸ் மெஷின் சும்மா கிடக்கு. அதை நெத்தியிலயோ கழுத்துலயோ வச்சுக்கலாமா? எல்லாம் கரண்ட் தானே. — வாசகி, தாம்பரம்

வேண்டவே வேண்டாம். மிக்ஸியும் கிரைண்டரும் கரண்ட் தான், அதுக்காக மிக்ஸியில தோசை மாவு ஆட்டுவீங்களா, சரி ஆட்டுறவங்களும் இருக்காங்க, உதாரணம் தப்பு. விஷயம் என்னன்னா முதுகு, முழங்காலுக்குன்னு வந்த மெஷினோட அலை வேற, பேடு வேற, தலைக்குக் குறுக்க அதை ஓட்டறதை அந்த மெஷினோட புத்தகமே வேணாம்னு தான் சொல்லும். கழுத்தோட முன்பக்கம் இன்னும் மோசம், அங்க ரத்தக்குழாய் பிரியற இடத்துல ரத்த அழுத்தத்தை அளக்கற ஒரு முடிச்சு இருக்கு, அதைத் தூண்டி விட்டா பிபி சட்டுனு இறங்கி மயக்கமே வரலாம். அவரு முதுகுக்கே இருக்கட்டும்.

அமெரிக்காவுல இருக்கற தம்பி வர்ற மாசம் வர்றான், எந்த மெஷினைக் கொண்டு வரச் சொல்றது? — வாசகர், தேவகோட்டை

தம்பி பாசம் புரியுது, கூடவே சில சிக்கலும் இருக்கு. செஃபாலி அங்க 2020லருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்குது, வாங்கி வந்துடலாம். ஆனா நெத்தியில ஒட்டற ஜெல் பேடு சில வாரத்துல பசை போயிரும், ஒவ்வொரு தடவையும் பேடு வேணும்னு தம்பியை எதிர்பாக்க முடியுமா? நம்ம ஊரு வெயிலுக்கும் வேர்வைக்கும் அது இன்னும் சீக்கிரம் போகும், எண்ணெய் இல்லாம நெத்தியை நல்லா துடைச்சுட்டு ஒட்டணும், விபூதி குங்குமத்தை அந்த நேரம் மட்டும் கீழ இறக்கிக்கோங்க. காமாகோருக்கு டாக்டர் சீட்டு வேணும், அதோட மாசக் கணக்குல ரீஃபில் பண்ணணும், தேவகோட்டையில உக்காந்துக்கிட்டு அது ஆகாத வேலை. நெரிவியோவை இந்தியாவுக்கு டாக்டர் ரெட்டீஸ் மருந்துக் கம்பெனி 2023ல கொண்டு வந்தாங்க, அதுவும் டாக்டர் எழுதித் தரணும். அதுக்கு இத்தனை தடவைன்னு கணக்கு உண்டு, முடிஞ்சா புதுசு வாங்கணும். அதனால மொத்த விலையைப் பாக்காம, ஒரு தடவைக்கு எவ்ளோன்னு வகுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. முதல்ல ஒரு மாசம் காலண்டர், மறந்துறாதீங்க.

பேஸ்மேக்கர் வச்சவங்க, உடம்புக்குள்ள வேற எந்த மின்கருவியும் வச்சவங்க, வலிப்பு கட்டுக்குள்ள இல்லாதவங்க, தலைக்குள்ள உலோகக் கிளிப்பு இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம எதையும் ஒட்டக்கூடாது.

எனக்கு 58 வயசு. இது வரைக்கும் தலைவலியே வந்ததில்ல, ரெண்டு மாசமா ஒரு பக்கப் பொட்டுல வலி, மெல்லும்போது தாடையும் வலிக்குது. எந்தக் கருவி நல்லது? — வாசகர், நாகர்கோவில்

எந்தக் கருவியும் வேணாம். இந்த இதழை மூடி வச்சுட்டு இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அம்பதுக்கு மேல புதுசா வர்ற தலைவலி, அதுவும் தாடை வலியோடன்னா, பொட்டுல இருக்கற ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம், கவனிக்காம விட்டா கண் பார்வையே போகும். இஎஸ்ஆர், சிஆர்பின்னு உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட் எடுப்பாங்க. பார்வை மங்குனா நாளைக்குன்னு கூட தள்ளாதீங்க.

பொண்ணுக்கு 14 வயசு, வாரத்துல ரெண்டு நாள் தலைவலின்னு ஸ்கூலுக்கு லீவு. சின்னப் பசங்களுக்கு இந்தக் கருவி போடலாமா? — ஒரு அம்மா, ஈரோடு

கையில கட்டற நெரிவியோவை 12 வயசுக்கு மேல போடலாம்னு 2021லயே அமெரிக்காவுல அனுமதி வந்துருச்சு, அப்புறம் 8 வயசு வரைக்கும் இறக்குனாங்க. சட்டைக் கைக்குள்ள மறைஞ்சுரும், 45 நிமிஷம்னா சரியா ஒரு பீரியடு, கிளாஸ்ல யாருக்கும் தெரியாம முடிஞ்சுரும், அது அந்த வயசுப் புள்ளைக்குப் பெரிய விஷயம். என்ன, போன் வேணும், ஸ்கூல்ல போனுக்கு அனுமதி வாங்கறது தான் எஃப்டிஏவை விடக் கஷ்டம்.

ஆனா நீங்க எழுதுன கடிதத்துல காலைல ஆறு மணிக்கு ட்யூஷன், டிபன் சாப்பிடாம வேன் ஏறுவா, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் படிப்புன்னு போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அதை நான் ரெண்டு தடவை படிச்சேன். வெறும் வயித்துக்கும் தூக்கம் கெடறதுக்கும் மைக்ரேனுக்கும் அவ்ளோ நெருக்கம். ஆறு மணி ட்யூஷனை நிறுத்திட்டு ரெண்டு இட்லி குடுத்து அனுப்பி ஒரு மாசம் பாருங்க, அப்புறம் பேசுவோம். கண் டாக்டரையும் ஒரு தடவை பாத்துருங்க.

குழந்தைக்கு முயற்சி பண்றோம். மாத்திரையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாங்க. கருவி போடலாமா? — வாசகி, புதுச்சேரி

நிறுத்தச் சொன்னது சரி தான், முக்கியமா டோபிராமேட், வால்ப்ரோயேட் ரெண்டும் கருவுல இருக்கற பிள்ளைக்கு ஆகாது. கைக்கருவி போட்ட கர்ப்பிணிங்க 59 பேரையும் போடாத 81 பேரையும் ஒப்பிட்டுப் பாத்த ஒரு ஆய்வுல, குறைப்பிரசவம், பிள்ளை எடை இப்படி எதுலயும் வித்தியாசம் தெரியலை. நல்ல சேதி தான், ஆனா மொத்தமே 140 பேரு, அதுவும் பிரசவம் எல்லாம் முடிஞ்சப்புறம் திரும்பிப் பாத்த கணக்கு. உங்க மகப்பேறு டாக்டரும் நியூராலஜிஸ்ட்டும் ஒரு வார்த்தை பேசிக்கட்டும். பல பேருக்கு நாலாவது மாசத்துக்கு மேல மைக்ரேன் தானாவே அடங்கிரும், அந்த அதிர்ஷ்டம் உங்களுக்கும் இருக்கட்டும்.

என் மனைவி மெஷினைக் கட்டிட்டு முக்கால் மணி நேரம் ரூம்ல படுத்துக்கறா. நான் என்ன பண்ணணும்னு தெரியாம வாசல்ல நிக்கறேன். — ஒரு கணவர், மதுரை

நின்னதுக்கே பாதி மார்க் தம்பி. லைட்டை அணைங்க, டிவி சத்தத்தைக் குறைங்க, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து கேக்காதீங்க. ஆரம்பிச்ச நேரத்தையும் முடிஞ்ச நேரத்தையும் அந்தக் காலண்டர்ல நீங்க எழுதி வைங்க, வலியில இருக்கறவங்களுக்கு அது ஞாபகம் இருக்காது. அப்புறம் ராத்திரி சாப்பாட்டைப் பாத்துக்கறேன்னு வெங்காயம் பூண்டு எல்லாம் போட்டு தாளிச்சு வீரத்தைக் காட்டாதீங்க, மைக்ரேன் நேரத்துல வாசனையே வாந்தியைக் கிளப்பும். தயிர் சாதம் போதும், ஊறுகாயை மூடியே வைங்க.